துணிவும் துடுக்கும்: ‘ஓடேஷஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சமூக வரலாறு

ஆங்கில அகராதிகளிலே ‘ஓடேஷஸ்’ என்னும் பெயரடைக்கு வழமையாக இரண்டு பொருள்கள் தரப்படுவதைக் காணலாம். அஞ்சாது துணிந்து செயலில் இறங்குகின்ற என்பது ஒன்று. நாணமும் மரியாதையுமின்றி அடங்காது நடக்கின்ற என்பது மற்றையது. முன்னது புகழ்ச்சி, பின்னது இகழ்ச்சி. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு மதிப்பீடுகளும் ஒரே சொல்லில் எவ்வாறு குடிகொண்டன என்னும் வினாவை அகராதிகள் எழுப்புவதில்லை. அகராதிகாரர் வழக்குகளைத் தொகுத்து எண்ணிட்டுவிட்டு அமைதி அடையலாம். ஆங்கில இலக்கியத்தைக் கற்பிப்போருக்கும் அதனைத் தமிழிலே பெயர்ப்போருக்கும் அவ்வமைதி கிட்டுவதில்லை. ‘துணிவு’ என எழுதுவதா, ‘துடுக்கு’ என எழுதுவதா என்று அவர்கள் ஒவ்வோரிடத்திலும் முடிவுசெய்தாக வேண்டும். அம்முடிவு வெறும் சொற்றெரிவு அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வினாவுக்குப் பொதுவாக அளிக்கப்படும் விடை பழைமையானது. அளவோடு நிற்பின் துணிவு, அளவு கடப்பின் துடுக்கு என்பர். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே நிற்பதே வீரம் என்று அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலில் வகுத்த கோட்பாட்டின் நிழல் இவ்விடையில் விழுந்திருக்கின்றது. இதனை ஏற்பதில் நமக்குள்ள இடர்ப்பாடு எளிதானது. அளவுகோலை வைத்திருப்பவர் யார் என்பதை இவ்விடை கூறுவதில்லை. ஒரே செயலைச் செய்த இருவரில் ஒருவரைத் துணிந்தவர் என்றும் மற்றவரைத் துடுக்கர் என்றும் மொழி பிரித்து அழைக்குமாயின், வேறுபாடு செயலின் அளவில் இல்லை, வேறெங்கோ இருக்கின்றது.

மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களமாகும் என 1929இல் வெளிவந்த ‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ என்னும் நூலில் வொலோஷினோவ் எடுத்துரைத்தார். ஒரே சொல்லை எதிரெதிர் வர்க்கங்கள் ஒருங்கே கையாளும்போது அச்சொல்லில் வெவ்வேறு அழுத்தங்கள் மோதுகின்றன என்பதும், ஆளும் வர்க்கமோ அச்சொல்லுக்கு ஒரேயொரு பொருள்தான் உண்டு என நிறுவ முயல்கின்றது என்பதும் அவரது கருத்து. 1973இல் இந்நூல் ஆங்கிலத்தில் வந்து மூன்றாண்டுகளின் பின்னர் றேமண்ட் வில்லியம்ஸ் தமது ‘கீவேர்ட்ஸ்’ நூலை வெளியிட்டார். பண்பாடு, வர்க்கம், சனநாயகம் முதலிய பெருஞ்சொற்களே அவர் நோக்கைக் கவர்ந்தவை. சாதாரணப் பெயரடை ஒன்றிலும் அவ்வரலாறு செறிந்திருக்கக்கூடும் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் நல்ல சான்று.

சொல்லின் வேரை முதலில் நோக்குவோம். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பிரெஞ்சு மொழியினூடாக ‘ஓடேஷஸ்’ ஆங்கிலத்தை அடைந்தது. பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் ‘ஔடாக்ஸ்’ என்னும் இலத்தீன் பெயரடை. துணிதல் எனப் பொருள்படும் ‘ஔடேரே’ என்னும் வினையிலிருந்து அது பிறந்தது. அவ்வினையோ ‘அவிதுஸ்’ என்னும் சொல்லின் வழிவந்தது. அவிதுஸ் என்பது வேட்கை மிக்க, அவாவுகின்ற என்னும் பொருளது. உணவின்மீது கொள்ளும் அவாவையும் அது குறிக்கும். எனவே துணிதலுக்கு அடியில் வேண்டுதல் கிடக்கின்றது. பழைய இலத்தீன் நாடகங்களில் ‘ஸோதேஸ்’ என ஒரு வழக்குண்டு. ‘நீ விரும்பினால்’ என்னும் தொடரே குறுகி அவ்வாறாயிற்று. நாம் ‘தயவுசெய்து’ என்று கூறும் இடங்களில் உரோமர் அதனைக் கூறினர். அதனுள் மறைந்திருக்கும் வினை இதே ஔடேரேதான். பணிவோடு வேண்டும் சொல்லும் பணிய மறுக்கும் சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது சுவையான செய்தி.

ஆயினும் வேரைக் கண்டுவிட்டால் மெய்ப்பொருளைக் கண்டுவிட்டோம் எனக் கருதுதல் தவறு. அத்தகைய வேர்ச்சொல் வழிபாடு நம்மிடையேயும் இல்லாமற் போகவில்லை. ஒரு சொல்லைப் பிளந்து பார்த்து ஓர் இனத்தின் ஆன்மாவையே கண்டெடுத்துவிடும் ஆராய்ச்சிகள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். சொல்லின் பொருளை நிருணயிப்பது அதன் பிறப்பன்று, வழக்கு. வேர் பயன்படுவது ஒரு வகையில்தான்: பிற்கால வழக்குகள் எதனை மறைத்தன என்பதை அது சிலபோது காட்டிக்கொடுக்கும். இங்கு மறைக்கப்பட்டது வேட்கை. யாருடைய வேட்கை என்பதனைப் பார்ப்போம்.

கிரேக்க வரலாற்றாசிரியரான தூசிடிடீஸ் கி.மு. 427இல் கோர்சைராத் தீவில் மூண்ட உள்நாட்டுப் போரை விவரிக்குமிடத்து ஒரு முக்கியமான அவதானிப்பைச் செய்தார். அதென்சின் துணையை நாடிய சனநாயகக் கட்சியினரும் ஸ்பார்ட்டாவை நாடிய செல்வர் குழாத்தினரும் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்திய அந்நாட்களில் சொற்களுக்கு வழங்கிய மதிப்புகள் தலைகீழாயின என்கிறார். சிந்தனையற்ற துணிச்சல் தோழமைக்குரிய வீரமாகவும், முன்யோசனை கோழைத்தனத்தின் முகமூடியாகவும் கொள்ளப்பட்டனவாம். தூசிடிடீஸ் இதனை ஒழுக்கச் சீரழிவாகக் கண்டு வருந்தினார். அவருடைய வருத்தத்தில் நாம் முழுமையாகப் பங்குகொள்ளல் இயலாது. போர் வந்தபோதுதான் சொற்கள் கட்சி சேர்ந்தன என அவர் எண்ணினார். அமைதிக் காலத்திலும் அவை கட்சி சார்ந்தே இருந்தன. எதிர்க்கட்சியின் குரல் அப்போது எழுத்தில் ஏறவில்லை என்பதே உண்மை.

உரோமிலே இது இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. குடியரசின் இறுதிக் காலத்தில் ‘ஔடாக்ஸ்’ ஓர் அரசியற் சொல்லாகவே வழங்கியது. செனற் சபையின் மேலாண்மையை ஏற்றவர்கள் ‘நல்லோர்’. அதனை எதிர்த்து மக்களைத் திரட்டியவர்கள் ‘துணிந்தோர்’. சிசரோவின் சொற்பொழிவுகளில் கற்றிலைன், குளோடியஸ், அன்ரனி ஆகிய எதிரிகள் அனைவர்மீதும் இப்பட்டம் சூட்டப்படுகின்றது. கற்றிலைன் பற்றிய தமது நூலில் சலஸ்ற்றும் அவனுடைய உள்ளத்தை வருணிக்க இதே சொல்லைத் தேர்ந்தார். இவ்வழக்கினை விர்சுப்ஸ்கி 1961இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கற்றிலைன் உழைக்கும் மக்களின் தலைவன் அல்லன், நொடித்துப்போன உயர்குடியினன். ஆனால் கடன்களை நீக்குவேன் என்றான். சொத்துடையோர் நடுங்கினர். அந்நடுக்கத்தின் பெயரே ஔடாக்ஸ். ‘ஸோதேஸ்’ என்னும் வழக்கு ‘நீ விரும்பினால்’ என்பதன் திரிபு எனத் தமது சொற்கலை நூலொன்றில் குறித்துவைத்தவரும் இதே சிசரோ என்பதனை ஈண்டு நினைவுகூரலாம். சொல்லின் பழைய பொருளை அறியாமல் அவர் அதனை வசையாக்கவில்லை.

உரோமக் கவிஞர் ஹொறேஸ் இச்சொல்லை மனித இனம் முழுமைக்கும் விரித்தார். கடலைக் கடக்கும் கப்பலைப் பற்றிய பாடலொன்றில், வானிலிருந்து நெருப்பைக் கவர்ந்த புறமீதியசை அவர் ஔடாக்ஸ் என்கிறார். கவர்ந்ததன் விளைவாக நோய்கள் உலகிற் பரவின என்றும் எச்சரிக்கிறார். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற தந்தையின் மகன் அவர். குடியரசுப் படையிலே நின்று தோற்று, பின்னர் வெற்றியாளரின் ஆதரவில் வாழ்ந்தவர். துணிதலின் விலையை அறிந்தவரின் எச்சரிக்கை அது. அவரே மற்றொரு செய்யுள் மடலில் அறியத் துணிக என்னும் அறிவுரையை அதே வினையால் வழங்கினார். 1784இல் கான்ற் அதனை அறிவொளிக் காலத்தின் குரலாக எடுத்துக்கொண்டார். புறமீதியசையோ 1841இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வின் முன்னுரையில் மெய்யியலின் முதற் புனிதனாகவும் தியாகியாகவும் மார்க்ஸ் போற்றினார். ஹொறேஸ் அஞ்சிய அதே செயல் மார்க்சின் கண்ணில் வணக்கத்துக்குரியதாயிற்று. நெருப்பு மாறவில்லை. அது யாருக்கு வேண்டியிருந்தது என்பதே மாறியது.

ஆங்கிலத்துக்கு வருவோம். ‘ஓடேஷஸ்’ வருமுன்னர் அம்மொழியில் இப்பொருளுக்குச் சொல் இல்லாமலில்லை. ‘போல்ட்’ என்பது பழைய செர்மானியச் சொல், வீரயுகத்துச் சொல். போல்ட்வின், ஆர்ச்சிபோல்ட், லியோபோல்ட் ஆகிய பெயர்களில் அது உறைந்திருக்கின்றது. பிரபுக்களும் அரசரும் தம் பிள்ளைகளுக்கு உவந்து இட்ட பெயர்கள் இவை. காலப்போக்கில் இதே சொல் கீழ்நோக்கியும் நகர்ந்தது. மன்னனைப் புகழ்ந்த சொல் பணிப்பெண்ணையும் சிறுவனையும் கண்டிக்கும் சொல்லுமாயிற்று. அயர்லாந்து ஆங்கிலத்தில் இன்றும் குறும்புசெய்யும் பிள்ளையே ‘போல்ட்’. இச்சொல்லைக் குறித்து எழுதத் தனிக் கட்டுரையே வேண்டும்.

கற்றோர் சொல்லாக வந்த ‘ஓடேஷஸ்’ 1590களின் நாடக மேடையில் இரு முகத்தோடும் தோன்றுகின்றது. சேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ முதற் பாகத்தில் குளொஸ்ரர்க் கோமகன் வின்செஸ்ரர் மேற்றிராணியாரைச் சாடுகையில் அவருடைய தீச்செயலுக்கு இதனை அடையாக்குகிறான். அதே உரையாடலில் மேற்றிராணியாரின் முறைகேடான பிறப்பும் குத்திக் காட்டப்படுகின்றது. ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ற்’ நாடகத்திலோ நத்தானியேல் என்னும் குருவானவர் பள்ளியாசிரியரின் பேச்சைப் பாராட்டும்போது அதனை வருவிக்கிறார். ஆனால் அப்பேச்சு நாணமின்மையிற் சேராதது என்று உடனே ஒரு காப்புறுதியும் சேர்த்துக்கொள்கிறார். பாராட்டாக வழங்க வேண்டுமாயின் அச்சொல்லுக்குப் பிணை நிற்க ஒருவர் வேண்டியிருந்தது.

இக்காலப்பகுதியில் இங்கிலாந்தின் கிராமப்புறம் எந்நிலையில் இருந்தது என்பதை மறத்தலாகாது. வேலியடைப்பால் நிலமிழந்தோர் தெருக்களில் அலைந்தனர். உடல்வலிமை இருந்தும் இரப்போரைத் தண்டிக்க 1597இல் இயற்றப்பட்ட சட்டத்தின் தலைப்பிலேயே ‘ஸ்ரேடி’ என்னும் பெயரடை உண்டு. இன்று உறுதியான, திடமான எனப் பாராட்டாக வழங்கும் அச்சொல் அன்று கட்டுக்கடங்காத முரட்டுத்தனத்தையும் குறித்தது. இத்தகைய சட்டங்களையே ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் இரத்தத்தில் தோய்ந்த சட்டங்களாக ஆராய்ந்தார். வேலியடைப்புச் சட்டமும் ஒரு பெயரடையின் பொருளும் காரணமும் காரியமுமாக நேரடியாகப் பிணைந்துள்ளன என நாம் வாதிடவில்லை. அத்தகைய எந்திரமுறைப் பொருள்முதல்வாதம் மார்க்சியத்துக்குக் கெட்ட பெயரையே தேடித்தரும். அடங்காமையைக் குறிக்கும் சொற்கள் பல ஒரே காலத்தில் இருமுகம் கொண்டு நின்றன என்பதும், அவற்றின் இழிபொருள் யார்மேல் விழுந்தது என்பதுமே நாம் சுட்ட விரும்புவன.

பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் துணிச்சல் பற்றிய சிறு கட்டுரையொன்று உண்டு. ஆங்கிலத் தலைப்பில் ‘போல்ட்’ என்பதன் பண்புப்பெயரும், இலத்தீன் பெயர்ப்பில் ‘ஔடாக்சியா’வும் இடம்பெறுகின்றன. மலை முகம்மதுவிடம் வராதாயின் முகம்மது மலையிடம் செல்வார் என்ற கதையை ஆங்கில வாசகரிடையே பரப்பிய கட்டுரை அதுவே. சொற்பொழிவில் முதன்மையானது யாது என வினவப்பட்டபோது ஒரே விடையைத் திரும்பத் திரும்பக் கூறிய தெமொஸ்தெனீசின் கதையோடு பேக்கன் தொடங்குகிறார். அரசியற் கருமங்களிலும் அவ்வாறே முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் துணிச்சலே என்கிறார். ஆனால் அது அறியாமைக்கும் இழிகுணத்துக்கும் பிறந்த பிள்ளை என்று உடனே சேர்க்கிறார். மக்களாட்சி நிலவும் இடங்களில் அது அற்புதங்கள் புரிந்துள்ளது. செனற்சபைகளிடத்தும் மன்னரிடத்தும் அவ்வளவாக எடுபடாது என்பதும் அவர் கணிப்பு. துணிந்தவர்களைத் தலைமையில் வைத்தலாகாது, பிறர் நெறிப்படுத்தலின்கீழ் இரண்டாம் நிலையில் பயன்படுத்த வேண்டும் என்னும் அறிவுரையே கட்டுரையின் உச்சம்.

இதனை எழுதியவர் நாட்டின் பெருநீதிபதியாக இருந்து, 1621இல் கையூட்டுக் குற்றச்சாட்டில் பதவி இழந்தவர். அவருடைய கூரறிவை நாம் மறுக்கவில்லை. அவர் மொழிந்தது வளர்ந்துவரும் ஓர் அரசின் ஆள்சேர்ப்புக் கொள்கை. கடற்கொள்ளையரை நாட்டுப்பற்றாளராக்கிய, வணிகக் கும்பனிகளுக்குப் பட்டயம் வழங்கிய அரசு அது. கீழிருப்போரின் துணிவை ஒழிக்கவேண்டியதில்லை. வாடகைக்கு எடுத்தால் போதும் என்று அது கண்டுகொண்டது. அதன் பின்னர் இங்கிலாந்துக் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்கு ‘ஓடேஷஸ்’ எனப் பெயர் சூட்டியதில் வியப்பில்லை. நாவலனையோ வேலையாளையோ நோக்கி வீசப்பட்ட வசை, பீரங்கி பூட்டிய கப்பலின்மேல் எழுதப்பட்டபோது பெருமையாயிற்று.

பேக்கனின் மும்மடி அடுக்கை நூற்றறுபத்தேழு ஆண்டுகளின் பின் வேறொருவர் வேறோரிடத்தில் எதிர்ப்பொருளில் மொழிந்தார். 1792 செப்டெம்பர் 2ஆம் திகதி, பிரஷ்யப் படைகள் பாரிசை நோக்கி வந்துகொண்டிருக்கையில், நீதி அமைச்சராயிருந்த டான்ரன் சட்டமன்றத்தில் எழுந்து, நாட்டைக் காக்கத் துணிவு வேண்டும் என மூன்றுமுறை அடுக்கி முழங்கினார். இருவரும் பண்டைய சொற்கலையிற் பயின்றவர்கள். தெமொஸ்தெனீசின் கதை இருவருக்கும் பொது. அறியாமையின் பிள்ளை எனப் பேக்கன் இகழ்ந்தது இப்போது குடிமக்களின் கடமையாக நிற்கின்றது. அதே நாளிற்றான் பாரிசின் சிறைகளில் படுகொலைகள் தொடங்கின என்பதையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இதே வாயால் சொல்லப்பட்ட துணிவே மக்களைப் படையில் சேர்த்தது. அந்நாட்களின் அச்சம் சிறைக் கதவுகளையும் உடைத்தது.

1794 ஏப்ரலில் டான்ரன் கில்லட்டினுக்கு இரையானார். அடுத்த மாதம் 28ஆம் திகதி அத்திலாந்திக் கடலில் ‘ஓடேஷஸ்’ என்னும் இங்கிலாந்துக் கப்பல் பிரெஞ்சுக் கப்பலொன்றுடன் பொருதியது. பிரெஞ்சுக் கப்பலின் பெயர் ‘புரட்சிக்காரன்’. கற்பனையில் இவ்வாறு எழுதினால் செயற்கை என்று நாமே குறைகூறுவோம்.

டான்ரனின் சொல் அவரோடு மாளவில்லை. செர்மனியில் 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றதன் காரணங்களை ஆராய்ந்து எங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகள் மார்க்சின் பெயரில் ‘நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன்’ இதழில் வெளிவந்தன. 1852இல் வந்த பகுதியொன்றில், கிளர்ச்சியைப் போரைப்போல ஒரு கலையாகக் கொண்டு, டான்ரனின் அச்சொற்களை அவர் எடுத்தாண்டார். 1917 ஒக்டோபரில், தலைமறைவாயிருந்த லெனின் ‘பார்வையாளன் ஒருவனின் ஆலோசனை’ என்னும் குறுங்கட்டுரையில் அப்பகுதியை மார்க்சின் கூற்றாகவே தந்து, பெத்ரோகிராட்டுத் தோழர்களுக்கு வழிகாட்டினார். இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூறல் வேண்டும். எங்கெல்சும் லெனினும் துணிவைத் தனித்தவொரு நற்பண்பாகப் போற்றவில்லை. கிளர்ச்சியோடு ஒருபோதும் விளையாடாதே என்பது அங்கே முதல் விதி. பலம், இடம், வேளை ஆகியவற்றின் கணிப்புக்குப் பின்னரே துணிவு வருகின்றது. சாகசவாதத்தை லெனின் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பது அவரைப் படித்தோர் அறிந்ததே. மேடைகளில் டான்ரனின் அடுக்கை மாத்திரம் உரத்துக் கூறி, அதற்கு முன்னுள்ள விதிகளை விட்டுவிடும் நம்மவர் சிலரின் பழக்கம் இச்சொல்லுக்கு இன்னொரு வகைத் தீங்கு.

நாம் இதுவரை கூறியவற்றை ஒரு படைப்பிலே பொருத்திப் பார்க்க டிக்கன்சின் ‘ஒலிவர் ற்விஸ்ற்’ மிகப் பொருத்தமானது. 1834இல் புதிய வறியோர் சட்டம் வந்தது. நிவாரணம் வேண்டுவோரை ஏழையர் இல்லத்துள் அடைப்பதும், அவ்வில்லத்தை எவரும் நாட அஞ்சும் இடமாக்குவதும் அதன் நோக்கம். 1837 முதல் 1839 வரை தொடராக வந்த இந்நாவல் அச்சட்டத்துக்கு நேரான எதிர்வினை. ஒன்பது வயதைக் கடந்த அநாதைச் சிறுவன் இன்னும் கொஞ்சக் கஞ்சி கேட்கும் காட்சியை அறியாதார் இலர். அவ்வேளையில் இல்லத்தை நடத்தும் குழுவில் வெள்ளைக் கையில்லாச் சட்டையணிந்த கனவான் ஒருவர், இவன் தூக்கில்தான் தொங்குவான் என முன்னறிவிக்கிறார்.

பின்னர் சவப்பெட்டி செய்பவனிடம் ஒலிவர் வேலைக்கு விடப்படுகிறான். அங்கே மூத்த வேலைப்பையன் நோவா கிளேபோல் ஒலிவரின் இறந்த தாயை இழித்துரைக்க, ஒலிவர் அவனை அடித்து வீழ்த்துகிறான். நோவா ஏழையர் இல்லத்துக்கு ஓடிச்சென்று, ஒலிவர் கொலைசெய்ய முயன்றான் எனப் புளுகுகிறான். கேட்டுநின்ற வெள்ளைச் சட்டைக் கனவானின் வாயிலிருந்து நமது சொல் வருகின்றது. அடங்காத அந்தச் சின்னக் காட்டுமிராண்டி தூக்கில் தொங்குவான் என்று தனக்கு முன்பே தோன்றியது என்கிறார். அதில் ‘அடங்காத’ என நாம் பெயர்த்த இடத்திலுள்ள சொல் ‘ஓடேஷஸ்’.

சிறுவன் செய்தது யாது? தாயின் பெயரைக் காத்தான். ஒரு பிரபுவின் மகன் தன் தாயின் மானத்துக்காகக் கைநீட்டியிருப்பின் அதே கனவான் அதனை வீரம் என்றிருப்பார். இங்கு அளவு மீறப்படவில்லை, நிலை மீறப்பட்டது. அடுத்து வரும் உரையாடலோ இன்னும் ஆழமானது. பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கருதும் வீட்டுக்காரியைப் பரிபாலன அலுவலரான பம்பிள் திருத்துகிறார். பைத்தியமன்று, இறைச்சி என்கிறார். அளவுக்கு மிஞ்சி ஊட்டியதால் அவனுள்ளே இயல்புக்கு மாறான ஆன்மாவும் உணர்வும் வளர்ந்துவிட்டனவாம். கஞ்சியோடு நிறுத்தியிருந்தால் இது நேர்ந்திராதாம். ஒலிவருக்கு அவ்வீட்டில் முதலில் இடப்பட்ட இறைச்சி, நாய்க்கென ஒதுக்கிவைத்த துண்டுகள் என்பதை வாசகர் அறிவர்.

பம்பிளைப் பார்த்து நாம் நகைக்கிறோம். நகைக்கவேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணம். ஆயினும் இக்கோமாளியின் வாய்வழியாக வருவது ஒருவகையில் தலைகீழான பொருள்முதல்வாதம். வயிறு நிறைந்தால் மனிதன் மனிதனாகிவிடுவான், ஆகையால் நிறையவிடாதே என்பது அதன் சாரம். சொல்லின் வேரிலே நாம் கண்ட வேட்கை இங்கே கஞ்சிக் கோப்பையாக வெளிப்படுகின்றது. இன்னும் வேண்டும் என்று கேட்டது முதலாவது குற்றம், கைநீட்டியது இரண்டாவது. இரண்டையும் ஒரே குற்றமாகக் கண்ட கனவானின் மூக்கு கூர்மையானது.

டிக்கன்சின் எல்லையையும் கூறியாக வேண்டும். இந்நாவலின் தொடக்க அத்தியாயங்களில் எழும் சமூக உண்மைக்கும் பின்னர் தொடரும் சிக்கலான கதைப்பின்னலுக்கும் இடையே முரண்பாடு உண்டு என மார்க்சியத் திறனாய்வாளர் ஆர்னல்ட் கெற்றில் 1951இல் விளக்கினார். ஒலிவர் இறுதியில் ஒரு கனவானின் மகனாக இனங்காணப்படுகிறான். அந்நிலையில் அவனுடைய துணிவு பின்னோக்கி மன்னிக்கப்பட்டுவிடுகின்றது. நல்ல இரத்தம் பேசியது என்றாகிவிடுகின்றது. அநாதையின் துணிவாகவே அது நிலைத்திருக்க நாவலாசிரியர் இடங்கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டைக் கனவானின் சொல்லைக் கேலிசெய்தவர், அச்சொல்லின் அளவுகோலை முழுதாகக் கைவிட்டாரல்லர்.

நமது காலத்தில் இப்பெயரடை மிகவும் கௌரவமாக உலாவுகின்றது. 1994இல் அமெரிக்க முகாமை நூலொன்று, நிறுவனங்களுக்குப் பெரிய, மயிரடர்ந்த, ‘ஓடேஷஸ்’ ஆன இலக்குகள் வேண்டும் என எடுத்துரைத்தது. அன்று தொட்டு நிருவாகக் கூட்டங்களில் அது வாய்ப்பாடாகிவிட்டது. நிறுவனத்தின் வேட்கைக்கு எல்லையே இல்லை என்பது இங்கே பாராட்டு. அந்நிறுவனத்தின் தொழிலாளர் இன்னும் கொஞ்சம் கேட்டால் எந்தப் பெயரடை கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மறுபுறத்தில், சிக்காகோவின் கறுப்பினத் திருச்சபையொன்றின் போதகரான ஜெறெமையா றைற் 1990இல் ஆற்றிய பிரசங்கத்தில் நம்பிக்கை கொள்வதையே ஒரு துணிகரச் செயலாகக் காட்டினார். அடிமைகளின் வழிவந்தோர் முன்னிலையில் அதற்குப் பொருளிருந்தது. 2006இல் ஒபாமாவின் நூற்பெயராக அது மாறியபோது, ஆட்சியை நோக்கி நடக்கும் ஒருவரின் சொல்லாயிற்று. ஒடுக்கப்பட்டோரின் அழுத்தம் அதில் எவ்வளவு மிஞ்சிற்று என்பது விவாதத்துக்குரியது.

தமிழிலே இச்சொல்லை எவ்வாறு பெயர்ப்பது? ‘துணி’ என்பதற்கு வெட்டு, பிரித்தெடு என்னும் பொருளும் உண்டு. தயக்கத்தை வெட்டி முடிவுக்கு வருதலே துணிதல். டான்ரனுக்கும் லெனினுக்கும் அது நன்கு பொருந்தும். கணித்து முடிவெடுத்தலும் அதில் அடங்குகின்றது. இலத்தீன் வேரிலுள்ள வேட்கை மட்டும் அதில் இல்லை. ‘மறம்’ என்பதன் வரலாறு ஔடாக்சின் வரலாற்றோடு ஒப்பிடத்தக்கது. வீரயுகத்தில் பெருமைக்குரியதாயிருந்த அச்சொல் பின்னர் அறத்துக்கு மறுதலையாகிப் பாவத்தையும் குறித்தது. பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வுசெய்த கைலாசபதி, 1968இல் நூலாக வந்த தமது ஆய்வில் கிரேக்க வீரப்பாடல்களையும் தமிழ் வீரப்பாடல்களையும் ஒப்புநோக்கி இத்துறைக்கு வழிதிறந்தார். ‘மறம்’ வீழ்ந்த வரலாற்றை அவ்வழியில் இன்னும் விரிவாக எழுதவேண்டியிருக்கின்றது.

வெள்ளைச் சட்டைக் கனவானின் வாய்ச்சொல்லுக்கோ ‘துணிந்த’ என்பது பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர் பலர் ‘துடுக்கான’ என்றோ ‘திமிர்பிடித்த’ என்றோ எழுதக்கூடும். அவை பிழையல்ல. ஆனால் அவ்விடத்துக்கென்றே செய்ததுபோல நம் பேச்சு வழக்கில் ஒரு சொல் கிடக்கின்றது. கூலியை உயர்த்திக் கேட்டவனுக்கும், முற்றத்தில் நின்று வாங்கவேண்டியதைத் திண்ணையில் ஏறிக் கேட்டவனுக்கும், எதிர்த்துப் பேசிய வேலைக்காரச் சிறுமிக்கும் நமது ஊர்களில் கூறப்பட்டுவந்த சொல் அது: ‘கொழுப்பு’. வாய்க்கொழுப்பு, தின்ற கொழுப்பு என அதன் கிளைகள் பல. உண்மையிலேயே உடம்பு கொழுத்திருந்தவர்களை நோக்கி இச்சொல் எழுந்ததில்லை. ஒருவேளைச் சோற்றுக்கு வழியற்றவரை நோக்கியே எழுந்தது. பம்பிள் இரண்டு பக்கத்தில் விளக்கிய கோட்பாடு முழுவதையும் நம்மவர் நான்கு எழுத்தில் அடக்கி வைத்திருக்கின்றனர். ‘கொழுப்பெடுத்த அந்தப் பொடியன்’ என்று அக்கனவான் தமிழிலே கூறுவாராயின், அடுத்த பக்கத்தில் இறைச்சியைப் பற்றிப் பம்பிள் பேசத் தொடங்கும்போது வாசகருக்கு எவ்வித விளக்கமும் தேவைப்படாது.